எஸ்.இன் வேலியும் ஹேசல்வுட்டின் தக்கைச் சுவரும்: எல்லாப் புலன்களுக்குமான வடிவமைப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவனித்துப் பதிவு செய்த ஒரு மனிதர், ஆய்வுலகில் ‘எஸ்.’ என்ற எழுத்தாலேயே அறியப்படுகிறார். சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்பது அவருடைய பெயர். 1920களில் அவர் ஒரு செய்தித்தாளில் நிருபராக இருந்தார். ஆசிரியர் காலையில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ள, அவர் மட்டும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கண்டிக்க நினைத்துக் கேள்வி கேட்ட ஆசிரியரிடம், சொன்னதையெல்லாம் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அப்படித்தான் அவர் லூரியாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் இருவரும் நடந்து செல்கையில், ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பிப் போக வழி தெரியுமா என்று லூரியா கேட்டார். அது எப்படி மறக்கும் என்று வியந்த எஸ்., அருகிலிருந்த வேலியைக் காட்டினார். அந்த வேலி நாவில் உப்புக் கரிப்பதாகவும், தொடுவதற்குச் சொரசொரப்பாக இருப்பதாகவும், காதைத் துளைக்கும் கூர்மையான ஓசை உடையதாகவும் அவர் சொன்னார்.

கண், காது, தோல், நாக்கு என நான்கு வழிகளிலும் ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று சொல்லும் ஓர் அடையாளத்தை விட, வழிகாட்டும் வடிவமைப்பில் வேலை செய்பவர்கள் வேறெதை விரும்பப்போகிறார்கள்? ஆனால் அதே தெருவில் நடந்த வேறு எவருடைய நாவிலும் அந்த வேலி உப்புக் கரித்திருக்காது. எஸ்.இன் வேலி எஸ். ஒருவருக்காக மட்டுமே பேசியது. அந்த வேலி அவருக்குச் செய்த வேலையை ஒரு கட்டடம் அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் செய்ய வேண்டுமானால் என்ன தேவைப்படும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்காக எடுத்துக்கொண்ட நிகழ்வு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2007ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஹேசல்வுட் பள்ளி.

எஸ்.இடம் நடந்தது என்ன

எஸ்.இடம் காணப்பட்டது சினஸ்தீசியா எனப்படும் புலன்கலப்பு. ஒரு புலனைத் தூண்டும்போது, தூண்டப்படாத இன்னொரு புலனின் அனுபவமும் தானாகவே, விருப்பத்தைக் கேளாமலேயே கூடவே எழுவதை இப்படி அழைக்கிறோம். எழுத்தைப் பார்த்தால் நிறம் தோன்றுவது, இசை கேட்டால் வடிவங்கள் தெரிவது, சொல்லைக் கேட்டால் நாவில் சுவை வருவது எனப் பல வகைகள் இதில் உண்டு. எஸ்.இடம் இவற்றில் பல ஒருசேர இருந்தன. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், 100 டெசிபல் அளவில் ஒலியைக் கேட்டபோது, இருண்ட பின்னணியில் ஒரு பழுப்பு நிறப் பட்டையும் அதன் விளிம்புகளில் சிவந்த நாக்குகளும் தெரிவதாகவும், வாயில் இனிப்பும் புளிப்பும் கலந்த பீட்ரூட் சூப்பின் சுவை பரவுவதாகவும் சொன்னார். உளவியலாளர் லெவ் விகாட்ஸ்கியிடம், அவருடைய குரல் மஞ்சளாகவும் உதிர்வதாகவும் இருக்கிறது என்றார்.

புலன்கலப்பை ஒரு வரமாக மட்டும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எஸ்.இன் கதையின் மறுபாதியைப் படிப்பதில்லை. வடிவமைப்பாளருக்கு அந்த மறுபாதிதான் முக்கியம் என்பது என் கருத்து. சாப்பிட்டுக்கொண்டே படித்தால் உணவின் சுவை வாசிப்பின் பொருளை அமுக்கிவிடுவதாக எஸ். சொன்னார். அவருக்குச் சொற்பட்டியலை வாசித்துக் காட்டும்போது யாராவது இருமினால், அந்த இருமல் ஆவிப்படலம் போல நினைவுப் படத்தின்மேல் படிந்து சொற்களை மறைத்தது. ஒருமுறை ஐஸ்கிரீம் விற்ற பெண்ணிடம் என்ன வகை இருக்கிறது என்று கேட்டபோது, அவர் பதில் சொன்ன குரலின் தொனியில் கரித்துண்டுகள் வாயிலிருந்து கொட்டுவது போல எஸ்.இன் கண்முன் தோன்றியது. அதன்பின் அந்த ஐஸ்கிரீமை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்த ஒரு மனம், எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்க முடியாமல் திணறியது.

தனக்கே உரியதும் பலருக்கும் பொதுவானதும்

புலன்கலப்பு கற்பனையோ கவிதை உவமையோ அல்ல என்பதை நிறுவியது, காலம் கடந்தும் மாறாத அதன் நிலைத்தன்மை. சைமன் பாரன்-கோயனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களுக்கு நிறம் காண்பவர்கள் ஓராண்டு கழித்து மறுபடி கேட்டபோதும் சுமார் 92 விழுக்காடு அதே பதில்களைத் தந்தார்கள். புலன்கலப்பு இல்லாதவர்களிடம் ஒரே வாரம் கழித்துக் கேட்டபோது சுமார் 37 விழுக்காடுதான் பொருந்தியது. ஜூலியா சிம்னர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஏதாவது ஒரு வகைப் புலன்கலப்பு உள்ளவர்கள் மக்கள்தொகையில் சுமார் 4.4 விழுக்காடு எனக் கணித்தது. அதற்கு முன்பு நினைத்திருந்ததை விட இது பல மடங்கு அதிகம்.

இணைப்பு அசையாமல் இருக்கிறது. ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்குப் பச்சையாகத் தெரியும் எழுத்து, அதே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புக்கு ஊதாவாக இருக்கலாம். எந்த இணைப்பு உருவாகும் என்பதில் பிறவியோடு அனுபவமும் கைவைக்கிறது. 2013இல் நேதன் விட்டாஃப்ட், ஜொனதன் வினவெர் இருவரும் ஆராய்ந்த பதினொரு பேரின் எழுத்து நிறங்கள், குழந்தைப் பருவத்தில் அவர்கள் விளையாடிய காந்த எழுத்துப் பொம்மைகளின் நிறங்களோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போயின. ஆகவே, ஒரு புலன்கலப்பாளரின் நிற அட்டவணையை எடுத்து அதைக் கட்டடத்திலோ திரையிலோ பதித்துவிட்டு ‘எல்லாப் புலன்களுக்குமான வடிவமைப்பு’ என்று பெயர் வைத்தால், அது ஒரு தனிமனிதரின் வாழ்க்கை வரலாற்றை மற்றவர்கள்மேல் சுமத்துவதாகவே முடியும். இன்னொரு புலன்கலப்பாளருக்கோ அது இடைஞ்சலாகவும் இருக்கும். தன் மனத்தில் தோன்றும் நிறத்துக்கு மாறான மையில் அச்சிட்ட எழுத்தின் நிறத்தைச் சொல்ல அவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது.

இதற்கு மறுபுறம், பெரும்பாலோர் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு வகை இணைப்பும் இருக்கிறது. முகடும் முனையுமாக ஒரு வடிவம், வளைந்து நெளிந்த இன்னொரு வடிவம் ஆகிய இரண்டையும் காட்டி, எது ‘கிகி’, எது ‘பூபா’ என்று கேட்டால், பலரும் முனையுள்ளதைக் கிகி என்கிறார்கள். 1929இல் வுல்ஃப்காங் கோலர் வேறு சொற்களைக் கொண்டு தொடங்கிவைத்த இந்தச் சோதனையை, 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் இந்தப் பெயர்களுடன் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலம் பேசும் மாணவர்களோடு தமிழ் பேசுபவர்களிடமும் இதே போக்கு காணப்படுவதாக அவர்கள் எழுதினார்கள். 2022இல் வெளியான 25 மொழிகளுக்கான ஆய்வில் எதிர்பார்த்த பொருத்தம் சுமார் 72 விழுக்காடாக இருந்தது. உயர்ந்த சுருதியைச் சிறிய, வெளிச்சமான, உயரத்தில் இருக்கும் பொருளோடு சேர்ப்பதும் இத்தகைய பொதுவான போக்குகளில் ஒன்று.

வடிவமைப்பாளர் நம்பி அடியெடுத்து வைக்கத்தக்க தரை இந்தப் பொது இணைப்புகள்தான். ஆனால் அந்தத் தரையும் எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் அந்த வடிவங்களைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னபோது பூபா–கிகி விளைவு கணிசமாகக் குறைந்திருந்தது. கண்ணால் பார்த்துப் பழகிய அனுபவம் அந்த இணைப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. பார்வையுள்ள வடிவமைப்பாளருக்கு ‘இயல்பாகவே’ தோன்றும் ஓர் ஒப்புமை, பிறவியிலிருந்தே பார்க்காத குழந்தையின் விரலுக்கு எதையும் சொல்லாமல் போகலாம். ஹேசல்வுட்டை அணுகும்போது மனத்தில் நிறுத்த வேண்டிய எச்சரிக்கை இது.

ஹேசல்வுட் பள்ளி

ஹேசல்வுட், கிளாஸ்கோ நகரின் தென்பகுதியில், பெல்லஹூஸ்டன் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. சுமார் 60 மாணவர்களுக்காகத் திட்டமிடப்பட்ட இந்தப் பள்ளியில் சிறு குழந்தைகள் முதல் பதின்வயதின் இறுதியில் இருப்பவர்கள் வரை படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பார்வை, செவி, உடல் இயக்கம், அறிதிறன் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் குறைபாடு உண்டு. பார்வையும் செவியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டவர்களும் அவர்களில் அடக்கம். கட்டடக் கலைஞர் ஆலன் டன்லப், பெற்றோர், ஆசிரியர், மருத்துவத் துறையினர் ஆகியோரோடு பேசிப் பேசியே இதன் வடிவத்தை எட்டினார். மனையிலிருந்த முதிர்ந்த மரங்களைத் தவிர்த்து வளைந்து செல்லும் ஒற்றைத்தளக் கட்டடம் அது.

கட்டடத்தின் முதுகெலும்பு, உள்நடைவழி நெடுகச் செல்லும் ஒரு சுவர். அந்தச் சுவரின் மேற்பரப்பு தக்கையால் (கார்க்) ஆனது. குழந்தை தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நடக்கலாம். கை நகர்ந்துகொண்டே இருக்கையில், எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை உறுதிப்படுத்தும் தொடு அடையாளங்கள் வழியில் குறுக்கிடும். அதே சுவரின் கனத்துக்குள் பொருள்களை வைக்கும் அறைகளும் அமைந்திருப்பதால், சக்கர நாற்காலிகளும் உபகரணங்களும் நடைவழியை அடைத்து நிற்க வேண்டியதில்லை. வழி தடையின்றி இருந்தால்தான் சுவரைத் தொட்டபடி நடக்க முடியும். ஆகவே பொருள்வைப்பறையை இங்கே வெறும் வசதியாக எண்ணக் கூடாது. அது வழிகாட்டும் ஏற்பாட்டின் பிரிக்க முடியாத ஒரு பகுதி.

ஏன் தக்கை என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருக்கும் எஃகுக் கைப்பிடியையும் தக்கைப் பலகையையும் தொட்டால், எஃகு சில்லென்றும் தக்கை இதமாகவும் படுகிறது. தோல் அளப்பது பொருளின் வெப்பநிலையை அல்ல, தன்னிடமிருந்து வெப்பம் வெளியேறும் வேகத்தை. எஃகு தக்கையைவிடப் பல நூறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், கையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நாள்தோறும் கையைத் தேய்த்தபடி நடக்க வேண்டிய குழந்தைக்கு, கையை இழுத்துக்கொள்ளச் சொல்லாத ஒரு பரப்பு வேண்டும். தக்கை அப்படிப்பட்டது. அழுத்தினால் சிறிது அமுங்கிக்கொடுக்கும். இடித்துக்கொண்டாலும் அதிகம் வலிக்காது. கடினமான பூச்சுச் சுவரைப் போல ஒலியை அப்படியே திருப்பி அனுப்பாது. செவித்துணைக் கருவி அணிந்தவருக்குப் பேச்சைவிட எதிரொலியே பெரிய எதிரி என்பதால், இந்தக் கடைசிப் பண்பும் பொருட்படுத்தத்தக்கது. எஸ்.இன் வேலி நான்கு புலன்களுக்கு நான்கு வெவ்வேறு அனுபவங்களைத் தந்தது. இந்தச் சுவர் விரலுக்கும் காதுக்கும் தனித்தனி அலங்காரம் எதையும் தருவதில்லை. ‘இந்தப் பக்கமாக வா, இங்கே அச்சமில்லை’ என்ற ஒரே செய்தியை வெவ்வேறு வாயில்கள் வழியாக அனுப்புகிறது. அந்தச் செய்தியைப் பெற யாருக்கும் புலன்கலப்பு இருக்க வேண்டியதில்லை. எந்த ஒரு புலன் மிஞ்சியிருந்தாலும் போதும்.

வளைவைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. நீண்ட நேர்வழிகளின் இறுக்கமான நிறுவனத் தோற்றத்தைத் தவிர்க்கவும், நடைவழியைக் குழந்தையின் அளவுக்குச் சுருக்கிக் காட்டவும் வளைவு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் பார்வையின்றி நடப்பவருக்குச் செங்கோணத் திருப்பங்கள் திசையை நினைவில் வைக்க உதவுபவை. மெல்ல வளையும் பாதையில் எவ்வளவு திரும்பியிருக்கிறோம் என்று உடல் தானாகக் கணக்கிடுவது கடினம். அந்தத் தொடர் சுவர் இல்லாதிருந்தால், இந்த வளைவைக் குறை என்றே சொல்லியிருப்பேன். சுவர் இருப்பதால், திசையை மனத்தில் சுமக்கும் வேலை கைக்கு மாறிவிடுகிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து வேறொரு கட்டடத்தில் நட்டால் பலன் இருக்காது.

வகுப்பறைகளில் பகல் வெளிச்சம் உயரத்திலுள்ள சாளரங்கள் வழியாகச் சீராக வருகிறது. மங்கலாகப் பார்ப்பவருக்குக் கண்கூச்சம், இருட்டைப் போலவே தடை. வெளிப்புறத்தில் சிலேட்டு ஓடுகளும் மரப்பலகைகளும் தொடும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும்படி பயன்படுத்தப்பட்டிருக்கின்றன.

காலடியில் இன்னொரு சான்று

ஹேசல்வுட் போன்ற தனிப்பள்ளியில் சாத்தியமாவது பொது இடத்தில் சாத்தியமாகுமா என்ற கேள்விக்கு, ஜப்பானியர் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய தொட்டுணர் ஓடுகள் நல்ல சான்று. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள தெருவில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் ரயில் நடைமேடைகளில் காணப்படுபவை இவற்றின் வழித்தோன்றல்களே. நீளக் கோடுகள் இருந்தால் ‘தொடர்ந்து செல்’, புடைத்த புள்ளிகள் இருந்தால் ‘நில், கவனி’ என்று இரண்டே சொற்கள் கொண்ட மொழி அது. பாதம் அதை உணர்கிறது, வெள்ளைக் கோலின் நுனி உணர்கிறது, கோல் தட்டும் ஓசை மாறுவதைக் காது உணர்கிறது. மங்கலாகப் பார்ப்பவருக்கு அதன் மஞ்சள் நிறமும் உதவுகிறது.

பல இடங்களில் தரையின் அழகு கெடக் கூடாது என்று அந்த ஓடுகளைச் சுற்றியுள்ள கல்லின் சாம்பல் நிறத்திலேயே பதிக்கிறார்கள். முழுமையாகப் பார்வையற்றவர்களை விட, ஓரளவு பார்வை எஞ்சியிருப்பவர்களே எண்ணிக்கையில் மிக அதிகம். அவர்களுக்கான செய்தியை அந்த ஒரு முடிவு அழித்துவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. அதேவேளை, புடைத்த தளம் சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் தொல்லை தரும் என்பதும் உண்மை. எல்லாருக்கும் ஒருசேர உகந்த பரப்பு என்று ஒன்று இல்லை. அளவு, இடம், அகலம் ஆகியவற்றை இரு தரப்பினரையும் வைத்துக்கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

புலன்கள் முரண்படும்போது

ஒரு புலனுக்குத் தவறான தகவல் போனால் அந்தப் புலன் மட்டும் ஏமாறும், மற்றவை சரியாக இருக்கும் என்று நினைப்பது தவறு. 1976இல் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் வெளியிட்ட சோதனையில், ‘கா’ என்று உச்சரிக்கும் உதடுகளின் காட்சியோடு ‘பா’ என்ற ஒலியைச் சேர்த்துக் கொடுத்தபோது, பலரும் ‘டா’ என்று கேட்டார்கள். காட்சியிலும் ஒலியிலும் இல்லாத மூன்றாவது ஒன்றை மூளை கட்டிக்கொண்டது. கதவு மூடிய பிறகு ஒலிக்கும் மின்தூக்கியின் அறிவிப்பும், விரலை எடுத்தபின் தாமதமாக அதிரும் தொடுதிரையும், கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்து காலுக்குச் சரிவாக இருக்கும் தரையும் இதே வகைச் சிக்கலை உண்டாக்குகின்றன. கடைசி எடுத்துக்காட்டு ஐம்புலன்களின் பட்டியலுக்குள் அடங்காது. உள்காதின் சமநிலை உணர்வும், மூட்டுகளும் தசைகளும் தரும் உடல்நிலை உணர்வும் அதில் பங்கேற்கின்றன. வடிவமைப்பு வரைபடங்களில் மிக எளிதாக மறக்கப்படுபவை இந்த இரண்டுமே. கீழே விழுந்து அடிபடும்போதுதான் அவை நினைவுக்கு வருகின்றன.

ஆகவே புலன்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, அவற்றின் செய்திகள் ஒத்திசைவாக இருப்பதையும், தேவையில்லாத வழிகள் அமைதியாக இருப்பதையும் உறுதிசெய்வதே முதல் பணி. வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில் 2005இல் ஹான்செல் பாவ்மன் தொடங்கிய ‘டெஃப்ஸ்பேஸ்’ திட்டம் இதற்கு நல்ல துணைச்சான்று. சைகை மொழியில் பேசிக்கொண்டே இருவர் நடக்க அகலமான வழி, முகமும் கையும் தெளிவாகத் தெரியும் பின்னணி நிறம் ஆகியவற்றோடு, எதிரொலியைக் குறைப்பதையும் அது வலியுறுத்துகிறது. காதுகேளாதவர்களின் கட்டடத்தில் ஒலியைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கத் தோன்றும். செவித்துணைக் கருவியும், உள்காதில் பொருத்தப்படும் காக்ளியர் உள்வைப்பும் பயன்படுத்துபவர்களுக்கு எதிரொலி கவனத்தைச் சிதறடிப்பதோடு வேதனையும் தரும். எஸ்.இன் நினைவுப் படத்தை மறைத்த அந்த இருமல் அவருடைய தனிப்பட்ட விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இரைச்சல் பொருளை மறைப்பது பலரின் அன்றாட நிலை.

சரிபார்க்கும் முறை

இப்படிப்பட்ட ஓர் இடத்தை மதிப்பிட, ஒவ்வொரு புலனாக மூடிக்கொண்டு, செய்தி அப்போதும் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது நடைமுறையில் பலன் தரும். வெளிச்சத்தை மங்கலாக்கி, பிறகு ஒலியைத் தடுத்து, பிறகு கையுறை அணிந்து, பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்து அதே வழியைக் கடக்க வேண்டும். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் நடக்கும் பார்வையுள்ளவரின் தடுமாற்றம், ஆண்டுக்கணக்கில் பார்வையின்றி வாழ்பவரின் திறமைக்கு ஈடாகாது. தடுமாற்றம் தடைகளை மிகைப்படுத்திக் காட்டும். பழகியவர் பயன்படுத்தும் நுண்ணிய தடயங்களைக் காட்டாது. எனவே இந்தச் சோதனை வரைபட நிலையிலுள்ள பெரிய பிழைகளைக் களைய மட்டுமே போதும். இறுதித் தீர்ப்பை அந்த இடத்தை அன்றாடம் பயன்படுத்தப்போகிறவர்களிடமிருந்துதான் பெற வேண்டும். நிறத்தை அடிப்படையாகக் கொண்ட குறியீடுகள் இருந்தால், அதே செய்தியை வடிவத்தாலோ எழுத்தாலோ தரும் மாற்று வழியும் இருக்க வேண்டும். திரைகளில் எழுத்துகளின் நிறத்தை நீக்கிவிடும் வசதி இருந்தால், புலன்கலப்பு உள்ளவர்கள் தங்கள் நிறங்களோடு மோதல் இல்லாமல் படிக்க முடியும்.

கட்டி முடித்தபின் இந்த ஏற்பாடுகளைக் காப்பது, வடிவமைப்பைவிடக் குறைந்த கவனமே பெறுகிறது. தக்கைச் சுவர் ஆயிரக்கணக்கான கைகள் பட்டு வழவழப்பாகும். அடையாளங்களின் விளிம்புகள் தேயும். சுவரை மறைத்து ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டினாலோ, ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்தாலோ, பார்வையுள்ளவர் சுற்றிப் போய்விடுவார். கையை நம்பி வருபவரின் வழி அங்கேயே அறுந்துவிடும். தொட்டுணர் ஓடுகளின்மேல் நிறுத்தப்படும் வண்டிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே பராமரிப்புக் கையேட்டில் சுத்தம் செய்யும் முறையோடு, எந்தப் பரப்பு தகவல் சொல்லும் பரப்பு, எதை எப்போதும் திறந்து வைக்க வேண்டும், தேய்ந்த அடையாளத்தை எந்த ஆழத்துக்கு, எந்தப் பொருளால் மாற்ற வேண்டும் என்பவற்றையும் வரைபடத்தோடு எழுதி, கட்டடத்தைப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.